லைனில் இருங்கள்! ஆபரேட்டரம்மா பதில்கள்

1972-இல் காவிரிக்கரை ஊர் ஒன்றில் டிரங்க் ஆபரேட்டராக, அதாவது வெளியூர் போன் கால்களை இணைத்துக் கொடுப்பவளாக வேலைக்குச் சேர்ந்தேன். வயரைச் செருகி லைன் இணைக்கும் போர்டு இருந்த வரை அதில் உட்கார்ந்தேன், அது போன பிறகு போன் நம்பர் கேட்பவர்களுக்குச் சொல்லும் 197 விசாரணையில். மொத்தம் முப்பத்தாறு வருடம் காதில் ஹெட்செட். என் அப்பா அதே ஊர் தபாலாபீசில் தந்தி சிக்னலர். ஆக, அடுத்தவர் பேசிக்கொள்வதற்கு நடுவில் நிற்பதுதான் எங்கள் குடும்பத் தொழில். சேதி சொல்வது, கேட்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குத்தான் இடம் இருக்கிறது. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கியூவில் இருக்கிறீர்கள்.

என் மாமனார் தினமும் காலையில் வாட்ஸ்ஆப்பில் "டிபன் ஆச்சாம்மா?" என்று கேட்பார். ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு ஓடிவிடுவேன். போன வாரம் என் கணவரிடம், "உன் பெண்டாட்டி எனக்குப் பெப்பே காட்டுகிறாள்" என்று சொல்லியிருக்கிறார். நான் என்ன தப்பு செய்தேன்?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

உங்கள் மாமனாருக்கு என் வயது இருக்கும். எங்கள் காலத்துத் தெருவில் கட்டைவிரலை நிமிர்த்தி ஆட்டினால் "உனக்கு ஒன்றும் கிடையாது, போ" என்று அர்த்தம். கமர்கட்டை வாயில் அடக்கிக்கொண்டு என் தம்பி அப்படித்தான் ஆட்டிக் காட்டுவான், நான் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடுவேன். அந்த விரலுக்கு "சரி, பார்த்துவிட்டேன்" என்ற அர்த்தம் எங்களுக்கு ரொம்பப் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. நீங்கள் ஓர் அர்த்தத்தில் அனுப்புகிறீர்கள், அவர் எட்டு வயதுப் பையனாக அதை வாங்குகிறார்.

ஆனால் விரல் பாதிக் காரணம்தான். டிபன் ஆச்சா என்பது டிபனைப் பற்றிய கேள்வி இல்லை. டிரங்க் காலில் மூன்று நிமிடம் ஒரு கால். காசு எண்ணிக் கொடுத்துவிட்டு, பல மணி நேரம் காத்திருந்து லைன் கிடைத்தவர்கள் என்ன பேசுவார்கள் தெரியுமா? "நல்லாயிருக்கியா? சாப்பிட்டியா? அங்கே மழையா?" இதிலேயே இரண்டரை நிமிடம் போய்விடும். "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டெண்ட் பண்ணவா?" என்று நான் குறுக்கே புகுந்தால்தான், "ஐயோ, இருங்கம்மா" என்று பதறிக்கொண்டு நிலத்தை விற்ற விஷயமோ பெண் பார்க்க வரும் விஷயமோ வாயிலிருந்து வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இப்படிக் காசைக் கரியாக்குகிறார்களே என்று எரிச்சலாக வரும். நானே கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்த பிறகு, அம்மா "சாப்பிட்டியா" என்று கேட்கும் அந்த இரண்டு விநாடிக்காகத்தான் கால் புக் பண்ணினேன்.

நாளைக் காலை "ஆச்சு மாமா, தோசை. நீங்க?" என்று போட்டுப் பாருங்கள். கட்டைவிரல் படத்துக்கு விளக்கவுரை எழுதி அனுப்பிவிடாதீர்கள், இன்னும் மோசமாகும். அப்புறம், இந்தப் பக்கத்தை உங்கள் மாமனார் படித்தால் அவருக்கும் ஒரு வார்த்தை: மருமகளிடம் கேட்க வேண்டியதை மகனிடம் கேட்டால் அது ராங் நம்பர்.

பாட்டியின் பெட்டியில் பழைய கடிதங்கள் கட்டாகக் கிடைத்தன. எல்லாமே "நலம், நலமறிய ஆவல்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. யாருக்கும் சொந்தமாக ஒரு வரி எழுதத் தெரியாதா? சில கார்டுகளின் மூலையில் மஞ்சள் கறை, ஒன்றின் மூலைகளில் கறுப்பு மை. அது என்ன?
(திண்டுக்கல்லிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பெட்டியைத் திறந்தாய், அதற்கே உனக்கு ஒரு சபாஷ்.

மஞ்சள் கறை மசாலா டப்பாவிலிருந்து விழுந்ததில்லை கண்ணு. கல்யாணம், குழந்தை, கிரகப்பிரவேசம் என்றால் மூலைகளில் மஞ்சள் தடவி அனுப்புவது வழக்கம். கறுப்பு மை சாவுச் சேதி. எழுத்து தெரியாதவர்கள்கூடத் தபால்காரர் கையில் இருக்கும்போதே மூலையைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொள்வார்கள். கறுப்பு மூலைக் கார்டை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். உன் பாட்டி ஒன்றைக் கிழிக்காமல், அதுவும் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார் என்றால் அதில் ஒரு கதை இருக்கிறது. யாருடையது என்று கேள். அன்று சாயங்காலம் உனக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதே.

நலமறிய ஆவலுக்கு வருகிறேன். அந்தக் கடிதங்களை எழுதியவர் ஒருவர், சொன்னவர் இன்னொருவர். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார், நாலைந்து பேர் அனுப்பியவை ஒரே கையில் இருந்தால் அது ஊர் வாத்தியாரோ தபால்காரரோ எழுதியது. போய்ச் சேர்ந்த இடத்திலும் ஒருவர் உரக்கப் படிக்க, வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். கார்டு என்றால் வழியில் பார்ப்பவர் எல்லோரும் படிக்கலாம், ஒட்டுவதற்கு மூடி கிடையாதே. அத்தனை பேர் காதில் விழப்போகிற கடிதத்தில் யார் மனதைத் திறப்பார்கள்? மேலே பிள்ளையார் சுழி, பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்குச் சிரஞ்சீவி, ஆசீர்வாதம், மாடு கன்று போட்டது, மற்றவை நேரில். அவ்வளவுதான்.

நீ ஆரம்பத்தைப் படிக்கிறாய். ஓரத்தைப் படி. இன்லண்ட் லெட்டர் இருந்தால் அதன் மடிப்பு ஓரங்களில், "இப்படிக்கு" முடிந்த பிறகு கடிதத்தைத் திருப்பிப் பிடித்துப் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். "அவனிடம் இதைச் சொல்ல வேண்டாம்." "அந்தப் பச்சைப் புடவை இன்னும் இருக்கிறதா?" மணியார்டர் துண்டு ஏதாவது இருந்தாலும் பார். பணத்தோடு இரண்டு வரி எழுத அதில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். பேச்சே வராத அப்பாக்கள் வாழ்க்கை முழுக்க அந்த இரண்டு விரற்கடை இடத்துக்குள்ளேதான் பேசியிருக்கிறார்கள்.

தந்தி என்றாலே வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும் என்று சினிமாவில் காட்டுகிறார்களே, நிஜமாகவா?
(சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

நிஜம். தந்திக்காரர் சைக்கிள் எங்கள் தெருவுக்குள் திரும்பினால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள். எந்த வீட்டு முன்னால் பெல் நிற்கிறதோ அந்த வீட்டில் கவரைப் பிரிக்கும் முன்பே ஒரு குரல் எழும். உள்ளே "வேலை கிடைத்தது, திங்கள் சேரவும்" என்று இருக்கும். அழுததற்காகச் சிரித்து, சிரித்ததற்காக மறுபடி அழுவார்கள். சேதி காகிதத்துக்குள் இருந்தாலும் பயம் சைக்கிளிலேயே வந்துவிடும். கார்டுக்கு ஆகும் காசு தந்திக்குக் காணாது, வார்த்தைக்கு வார்த்தை கட்டணம். சாவோ அவசரமோ இல்லாமல் யார் அந்தச் செலவைச் செய்யப்போகிறார்கள் என்ற கணக்குதான்.

அப்பா சாப்பிடும்போதுகூட இலை ஓரத்தில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும் மோர்ஸ் முறையில், ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்தான 'ஈ'க்கு (E) ஒரே ஒரு புள்ளி, 'டி'க்கு (T) ஒரே ஒரு கோடு. எப்போதாவது வரும் எழுத்துகளுக்குத்தான் நீளமான தட்டு. அடிக்கடி வருபவனுக்கு வாசலில் நாற்காலி போட்டுவை, ஆடிக்கொருநாள் வருபவன் சுற்றிக்கொண்டு வரட்டும் என்பார். கவுண்டரில் வந்து நிற்பவர்களின் ஏழு வரிச் சோகத்தை நாலு ஆங்கில வார்த்தையாக்கிக் கொடுப்பதும் அவர் வேலைதான். "மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி." பட்டாளத்துப் பிள்ளைக்கு லீவு வாங்கவே எத்தனையோ அம்மாக்களை அந்த நாலு வார்த்தையில் படுக்கையில் போட்டிருக்கிறார்கள்.

வாழ்த்துத் தந்தி தனி. கல்யாணம், பண்டிகை, பரீட்சை என்று வாசகங்களுக்கு எண் போட்டுப் பட்டியல் இருக்கும். எண்ணை மட்டும் அனுப்பினால் போதும், அந்தப் பக்கம் முழு வாசகமாக எழுதிக் கொடுப்பார்கள். என் அத்தை கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வந்த தந்தியில் "பரீட்சையில் வெற்றி பெற்றதற்கு வாழ்த்துகள்" என்று இருந்தது. எண் எந்த ஊரில் தடம் மாறியதோ தெரியவில்லை. அத்தையைத் தெரிந்தவர்கள் வாழ்த்து சரியாகத்தான் வந்திருக்கிறது என்றார்கள்.

அச்சம் ஒரு பக்கம் இருக்க, வேகத்துக்கும் அதுதான் பெயர். 1942-இல் மதுரையில் ஆரம்பித்த பத்திரிகைக்குத் தந்தி என்று பெயர் வைத்ததே அதனால்தானே? 2013 ஜூலை 14-ஆம் தேதியோடு தந்தி சேவையை நிறுத்தினார்கள். அப்பா அப்போது இல்லை. நான் போய் எனக்கே ஒன்று கொடுத்துக்கொண்டேன். வந்து சேர்ந்தபோது, அனுப்பியது நானே என்று தெரிந்தும் வயிற்றில் சொரேர் என்றது.

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். இன்றைக்கும் வீட்டு வாசலில் வந்து நின்று ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன், மனைவி கேட்டைத் திறப்பாள். காலெல்லாம் ஃப்ரீயாக இருக்கும்போது ஏன்ப்பா இந்தக் கஞ்சத்தனம் என்று என் மகள் சிரிக்கிறாள்.
(மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

சிரிக்கட்டும் தம்பி. நீங்கள் செய்வதற்கு என் போர்டு காலத்திலேயே அப்பன் இருந்தான்.

டிரங்க் காலில் பி.பி. கால் என்று ஒன்று. இன்னார்தான் வந்து பேச வேண்டும் என்று பெயர் கொடுத்துப் புக் பண்ணுவது. அந்த ஆள் இல்லையென்றால் முழுக் கட்டணம் கிடையாது. (கல்யாணப் பத்திரிகைகளில் பக்கத்து வீட்டு நம்பரைப் போட்டு அடைப்புக்குறியில் பி.பி. என்று அச்சடித்தது இதிலிருந்து வந்த பழக்கம்தான்.) ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மெட்ராசுக்குச் சரக்கெடுக்கப் போவார். ராத்திரி அங்கிருந்து அவர் வீட்டுக்கு ஒரு பி.பி. கால் வரும், "சுப்பிரமணி" பெயருக்கு. வீட்டு அம்மா "சுப்பிரமணி ஊரில் இல்லையே" என்பார். அவ்வளவுதான், கட். சில சமயம் "கோவிந்தராஜ்" பெயருக்கு வரும். அந்த வீட்டில் சுப்பிரமணியும் கிடையாது, கோவிந்தராஜும் கிடையாது. முதலாமவர் வந்தால் பத்திரமாகச் சேர்ந்துவிட்டார், இரண்டாமவர் வந்தால் திரும்ப ஒரு நாள் தாமதம். ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது. மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கோவிந்தராஜ் வந்தால் அந்த அம்மா குரல் கொஞ்சம் இறங்கும், அதையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்.

செல்போன் 1995-இல் வந்தபோது, வருகிற காலுக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். 2003-இல்தான் இன்கமிங் இலவசமானது. அதற்குப் பிறகும் அவுட்கோயிங் காசு கையைக் கடித்ததால், ஒரு ரிங் என்றால் கிளம்பிவிட்டேன், இரண்டு என்றால் நீ கூப்பிடு என்று வீட்டுக்கு வீடு ஒரு அகராதி இருந்தது. உங்கள் அகராதி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். என்றைக்காவது அந்த ஒரு ரிங் வராத ராத்திரியில் உங்கள் மனைவி எத்தனை மணி வரை விழித்திருந்தார் என்று மகளிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையைவிட்டு விலை பேசுவது ஏமாற்று வேலைதானே?
(பொள்ளாச்சி வாசகர்)

எல்லாத் தொழிலிலும் ஏமாற்றுகிறவர் உண்டு, துண்டின் மேல் பழி வேண்டாம். என் பெரியப்பா மணப்பாறைச் சந்தைக்குப் போகிறவர். ஒருவர் கையை இன்னொருவர் துண்டுக்கடியில் பிடித்துக்கொள்வார். எத்தனை விரலை அழுத்துகிறாரோ அதுதான் எண். அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். முகம் இரண்டும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். விலை படியாவிட்டால் கையை எடுத்துவிட்டுப் போய்விடலாம். இவ்வளவு குறைத்துக் கேட்டான் என்று சந்தையே பேசாது, அடுத்து வருபவனும் அந்த விலையிலிருந்து ஆரம்பிக்க மாட்டான். இவ்வளவு பக்குவமாக "கட்டாது" சொல்லும் வழியைக் குரூப் மெசேஜில் எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணுக்குக் காது கேட்காது. எப்படிப் பேசுவது என்று தெரியாமல் எல்லோரும் ஒதுங்கிப் போகிறோம். சைகை தெரியாமல் பேசப் போனால் தப்பாகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.
(சென்னையிலிருந்து ஒரு வாசகி)

ஒதுங்கிப் போவதும் ஒரு சேதிதான், அது அந்தப் பெண்ணுக்குத் தெளிவாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதில் நான் பெரிய ஆள் இல்லை. வாழ்நாள் முழுக்கக் குரலை மட்டும் நம்பிப் பிழைத்தவள். என் பேத்தியின் சிநேகிதி ஒருத்தி, காது கேளாத பெண், வீட்டுக்கு வந்தபோது நான் செய்த முதல் காரியம் கத்தியது. லைன் மோசமாக இருந்தால் கத்துவோமே, அந்தப் பழக்கம். அவள் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதிக் காட்டினாள்: "பாட்டி, கத்தினால் உங்கள் வாய் கோணுகிறது, உதட்டைப் படிக்க முடியவில்லை." அவளிடம் கற்றதைச் சொல்கிறேன். முதுகுப் பக்கம் இருந்து பேச்சை ஆரம்பிக்காதீர்கள், கண்ணில் படும்படி கையசைத்துக் கூப்பிடுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் இருட்டிவிடும், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். சாதாரண வேகத்தில் பேசுங்கள். புரியாவிட்டால் அதே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லாமல் வேறு மாதிரி சொல்லுங்கள், இல்லையென்றால் எழுதுங்கள். எல்லோருக்கும் உதட்டைப் படிக்க வராது, அதனால் உனக்கு எது வசதி என்று முதலில் அந்தப் பெண்ணையே கேட்டுவிடுங்கள். கூட யாராவது இருந்தால், அவரிடம் "அவளிடம் சொல்லுங்கள்" என்காதீர்கள். அவளைப் பார்த்தே சொல்லுங்கள்.

சைகை மொழி உலகம் முழுக்க ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். இங்கிலாந்துக்காரரும் அமெரிக்கரும் வாயால் பேசுவது ஒரே ஆங்கிலம், கையால் பேசுவது இரண்டு வேறு மொழி, ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது. நம் இந்தியச் சைகை மொழி தனி. அதற்கென்றே டெல்லியில் 2015-இல் ஒரு ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைத்தார்கள். அவர்கள் 2021-இல் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள். நீங்கள் பத்துக் கற்றுக்கொண்டு போங்கள். அதில் ஒன்று "சாப்பிட்டாயா?" ஆக இருக்கட்டும். புருவம், முகம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மொழி, கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினால் கேள்வியே கேள்வியாகாது.

என் தோழி ஆறு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். கேட்க நேரமில்லை. என்ன செய்ய?
(திருச்சி வாசகி)

மூன்றாவது நிமிடத்தில் குறுக்கே புகுந்து "எக்ஸ்டெண்ட் பண்ணவா?" என்று கேட்க ஆளில்லாத குறை. பாத்திரம் தேய்க்கும்போது கேளுங்கள், ஆறு நிமிடம் போதாது.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு வயதான அம்மா தனியாக இருக்கிறார். பேச்சுவார்த்தை அதிகம் இல்லை. விடியற்காலையில் தவறாமல் கோலம் போடுவார். மூன்று நாளாக வாசல் வெறுமையாக இருக்கிறது, விளக்கு மட்டும் எரிகிறது. துக்கமாக இருக்குமோ என்று தயக்கம். போன் செய்யலாமா, நேரில் போகலாமா?
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

இதைக் கார்டில் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பி, அங்கிருந்து அது என் வீட்டுக்கு வந்தபோது மேலும் ஆறு நாள் ஆகியிருந்தது. தெருவின் அகலம் இருபதடிகூட இருக்காது! நல்லவேளை, கீழே போன் நம்பர் எழுதியிருந்தீர்கள். படித்த கையோடு நானே கூப்பிட்டேன். எங்கள் காலத்துக் கணக்கில் அது லைட்னிங் கால், அதாவது எல்லாவற்றையும் முந்திக்கொண்டு போகும் அவசர கால், சாதாரணக் கட்டணத்தைப் போல எட்டு மடங்கு.

கோலமில்லாத வாசல் நம் தெருக்களில் சாவுக்கும் தீட்டுக்கும் அறிகுறி, அதனால்தான் இவருக்குத் தயக்கம். நான் திட்டிய திட்டில் போனை வைத்துவிட்டு எதிரே போயிருக்கிறார். அந்த அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மகன் வெளியூரிலிருந்து வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டு, சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். அந்த அம்மாவுக்குக் கை வலியைவிட, தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையே என்ற வருத்தம்தான் அதிகமாம்.

நேற்று மறுபடி கூப்பிட்டேன். இப்போது இரண்டு வாசலுக்கும் வாசகியே கோலம் போடுகிறாராம். அந்த அம்மா திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, புள்ளி கோணல் என்று இடது கையால் காட்டுகிறாராம்.